சிரட்டைக் கரியும் வைக்கோல் தீயும்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. மகள் கல்லூரியில் சேர்ந்ததும் நல்ல சேதி, மொட்டைமாடியில் டிரம்மைப் பாதியாக அறுத்து அடுப்பாக்கியதும் நல்ல சேதி. சவுக்குக் கரியை விட்டால் வேறு எதைப் போட்டுக் கறி சுடலாம் என்று கேட்டிருந்தாய். அதற்கு முன்னால், கங்கில் சுடப்போகிறாயா, சுவாலையில் சுடப்போகிறாயா என்று முடிவு செய்துகொள். இரண்டும் வேறு வேறு வேலை.

நன்றாக வெந்த கரிக்கு என்று தனி மணம் கிட்டத்தட்டக் கிடையாது. கறியிலிருந்து சொட்டும் கொழுப்பும் சாறும் கங்கில் விழுந்து பொசுங்கி மேலே எழுகிறதே, 'கரி மணம்' என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அதுதான். அதனால் விலை உயர்ந்த கரி வாங்கினால் ருசி கூடும் என்று நினைக்காதே. சூடு எவ்வளவு, எத்தனை நேரம் நிற்கும், சாம்பல் எவ்வளவு விழும், இந்த மூன்றையும் மட்டும் பார்.

அந்தக் கணக்கில் சிரட்டைக் கரிக்கு, அதாவது கொட்டாங்குச்சிக் கரிக்கு, என் ஓட்டு. கெட்டியான கரி, நீண்ட நேரம் நிற்கும், சாம்பல் குறைவு. பற்றவைப்பதுதான் பாடு. இரு பக்கமும் திறந்த தகர உருளை ஒன்றை எடுத்து, அடியிலிருந்து நான்கு விரல் மேலே கம்பி கட்டு. கீழே கசக்கிய செய்தித்தாள், கம்பிமேல் ஒரு கை சவுக்குக் கரி, அதற்கு மேல் சிரட்டைக் கரி. இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் மேல்கரியின் ஓரம் வெளுத்துச் சாம்பல் பூக்கும். அப்போது டிரம்மில் கொட்டு. மண்ணெண்ணெய் பக்கமே போகாதே, அந்த வாடை கறியில் ஏறிவிடும்.

இதில் கெடுவது இரண்டு இடத்தில். முழுச் சிரட்டையாக வந்த கரி கிண்ணம் கிண்ணமாக ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்து காற்றை அடைத்துவிடும். அதனால் இரண்டு விரல் அகலத்துக்கு உடைத்து, தூளைச் சலித்துவிட்டுப் போடு. அடுத்தது, சரியாக வேகாத கரித்துண்டு. அது மஞ்சளாகச் சுவாலை விட்டுப் புகையும், கறியில் தார்போலக் கசப்பு ஏறும். அந்தச் சுவாலை அடங்கும்வரை அடுப்பின் கம்பிவலையில் எதையும் வைக்காதே. பச்சைச் சிரட்டையை நேரடியாக எரித்தாலும் இதே கதிதான். மழைக்காலத்தில் கரி ஈரம் இழுக்கும், பற்றவைத்ததும் வெடித்துத் தெறிக்கும். மூடி போட்ட டப்பாவில் வை.

சூட்டை அளக்கக் கையே போதும். வலை மட்டத்தில் உள்ளங்கையைக் காட்டு. இரண்டு மூன்று நொடிக்குமேல் தாங்கவில்லையென்றால் இறாலுக்கும் மெல்லிய துண்டுக்கும் சரி. ஐந்தாறு நொடி தாங்கினால் எலும்போடு கோழிக்கால். கங்கை ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கத்தைக் காலியாக விடு. கொழுப்பு விழுந்து தீ எழுந்தால் துண்டை அங்கே நகர்த்தலாம். தண்ணீர் தெளித்தால் சாம்பல் பறந்து கறியில் ஒட்டும்.

சீமைக் கருவேலத்தை நம்மூரில் திட்டாத ஆளில்லை. ஆனால் டெக்சாஸ்காரர்கள் மெஸ்கீட் என்று தேடி எரிப்பது அதன் நெருங்கிய உறவுதான். ராமநாதபுரத்தில் இந்த மரத்தை மூட்டம் போட்டு எடுக்கும் கரி கடும் சூடு தரும். காய்ந்த விறகாகவே போட்டால் புகை காரமாக இருக்கும், பத்து நிமிடச் சமையலோடு நிறுத்திக்கொள். மணிக்கணக்கில் புகையவிட்டால் கசக்கும்.

சுவாலையில் சுட ஆசையென்றால் வைக்கோலைப் பார். ஜப்பானில் கோச்சி பகுதியில் சூரை இன மீனைத் தோலோடு நீளத் துண்டாக்கி, வைக்கோல் தீக்குள்ளேயே காட்டுகிறார்கள். மேல்புறம் கருகி மணக்கும், உள்ளே பச்சையாகவே இருக்கும். வைக்கோல் சட்டென்று மூண்டு சட்டென்று அடங்கும், சமைக்கப் போதாது, மேலே வாட்டவே உதவும். அதனால் நீ மீனைக் கங்கில் வேகவைத்துவிட்டு, கடைசியில் ஒரு பிடி வைக்கோலைப் போட்டு அரை நிமிடம் காட்டு. மொறமொறவென்று காய்ந்திருக்க வேண்டும். மழையில் நனைந்து பூசணம் கண்டது ஆகாது. பறக்கும் பொறி கொடித்துணியில் விழாமல் பார்த்துக்கொள்.

கேஸ் ஊதுகுழாய் பற்றியும் கேட்டாய். கறிக்கு நேரே வைத்துப் பற்றவைக்காதே, எரியாத வாயு மேலே படிந்து நாறும். தள்ளிப் பிடித்துப் பற்றவைத்து, தீ நீலமானதும் காட்டு. மஞ்சளாக எரிந்தால் காற்று போதவில்லை, கரி படியும். இன்னொன்று, புரொப்பேன் ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்குமேல் நீராவி வரும். கரியிலிருந்து அப்படி வராது. கேஸ் தீயில் மேல்தோல் காய நேரமெடுக்க இதுவும் ஒரு காரணம்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோடு மலிவாகக் கிடைக்கிறதே என்று யாராவது சொன்னால் கேட்காதே. அதன் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், புகையும் கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். அரளிக் கட்டை விஷம். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் எதுவும் வேண்டாம். மழை வந்துவிட்டதென்று கங்கோடு அடுப்பை அறைக்குள் இழுக்காதே, கரியமில வாயு அல்ல, அதைவிடக் கொடிய கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாமல் சேரும்.

டிரம்மின் அடியில் காற்றோட்டை எத்தனை, எந்த அளவில் போட்டிருக்கிறாய்? கங்குத் தட்டுக்கும் வலைக்கும் இடைவெளி எவ்வளவு? பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் இருந்தால் போதும். அளந்து எழுது, கரி எத்தனை கிலோ போடுவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சேகர்