வெண்ணெய் பீப்பாயிலிருந்து வருவதில்லை

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. ஓட்டலின் ஒயின் பட்டியல் இனி உன் பொறுப்பு என்பதையும் படித்தேன். பரிமாறும் பையன்களுக்குப் பாடம் எடுக்கப் போகிறாய் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிரான்ஸின் ஷாப்லி ஊர் வெள்ளை ஒயின் எலுமிச்சையும் ஈரக்கல்லுமாக இருக்கிறது, கலிபோர்னியா பாட்டில் வெண்ணெயும் வெனிலாவுமாக இருக்கிறது, இரண்டும் ஷார்டனே என்ற ஒரே திராட்சை என்றால் ஒன்றில் எசன்ஸ் கலந்திருப்பார்களோ என்பது உன் சந்தேகம். எசன்ஸ் எதுவும் இல்லை. ஷார்டனேவுக்குச் சொந்த வாசனை குறைவு, அதுதான் விஷயம். மஸ்கட் திராட்சையை எங்கே நட்டாலும் மஸ்கட் என்று மூக்கு சொல்லிவிடும். ரீஸ்லிங்கும் ஓரளவு அப்படித்தான். ஷார்டனே வெறுஞ்சோறு மாதிரி. குழம்பு விட்டால் ஒன்று, தயிர் விட்டால் வேறொன்று. எந்த ஊரில் விளைந்தது, எந்த நாளில் பறித்தார்கள், பாதாள அறையில் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் அதில் அப்படியே தெரியும்.

முதலில் லேபிள். ஷாப்லி சட்டப்படி 100 சதவீதம் ஷார்டனே, ஆனாலும் பெரும்பாலான பாட்டில்களில் அந்தப் பெயர் இருக்காது. அமெரிக்காவில் 75 சதவீதம் ஷார்டனே இருந்தாலே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். ஆகவே 'ஒரே திராட்சை' என்ற பேச்சே சில பாட்டில்களில் முழு உண்மை இல்லை. அடுத்து ஆல்கஹால் அளவைப் பார். லேபிளிலேயே அதிகம் பேசும் எண் அதுதான். 12, 12.5 என்றால் குளிர்ந்த இடத்துப் பழம், அல்லது சீக்கிரம் பறித்தது. 14க்கு மேல் என்றால் வெயில் நன்றாக ஏறியது. சாற்றில் லிட்டருக்கு சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தால் ஒரு சதவீதம் ஆல்கஹால் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள். 12.5க்கும் 14.5க்கும் நடுவே லிட்டருக்கு 34 கிராம் சர்க்கரை வித்தியாசம் இருக்கிறது. ஆல்கஹால் கூடக்கூட வாயில் கனமும் லேசான இனிப்பும் தெரியும், சர்க்கரை மிச்சமே இல்லாவிட்டாலும்.

வெயில் ஏறும்போது புளிப்பு இறங்குகிறது. திராட்சையில் இரண்டு முக்கிய அமிலங்கள்: டார்டாரிக், மாலிக். கொடி மாலிக்கைச் சுவாசத்தில் எரித்துவிடும், சூடு கூடினால் இன்னும் வேகமாக எரிக்கும்; டார்டாரிக்கை அவ்வளவாகத் தொடாது. ஷாப்லி பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியின் வடகோடி; அதே பர்கண்டியில் ஷார்டனேவுக்குப் பேர்போன மெர்சோ கிராமத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் வடமேற்கே இருக்கிறது. அங்கே பறிக்கும்போது லிட்டருக்கு நாலைந்து கிராம் மாலிக் மிச்சமிருப்பது சகஜம். வெயில் பள்ளத்தாக்கில் இரண்டு கிராமுக்கும் கீழே போய்விடும். கலிபோர்னியா முழுக்கச் சூடு என்று பையன்களுக்குச் சொல்லிவிடாதே. கடல் மூடுபனி உள்ளே வரும் கார்னெரோஸ், ரஷ்யன் ரிவர் பகுதிகளில் புளிப்பு நன்றாகவே நிற்கும்.

இப்போது நீ குழம்பிய இடம். வெண்ணெய் வாசனையை ஓக் பீப்பாய் தருகிறது என்று உன் சப்ளையர் சொன்னதாக எழுதியிருந்தாய். அது தப்பு. இந்தத் தொழிலிலேயே பாதிப் பேர் சொல்கிற தப்பு.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று முடித்தபின் ஓயினோகாக்கஸ் என்ற பாக்டீரியா மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றும். இதற்கு மாலோலாக்டிக் என்று பெயர், தொழிலில் சுருக்கமாக 'மாலோ' என்பார்கள். பச்சை ஆப்பிளின் கூர்மையான புளிப்பு போய், மோரின் மெத்தென்ற புளிப்பு வரும். ஒரு கிராம் மாலிக் கிட்டத்தட்ட 0.67 கிராம் லாக்டிக்காக மாறும், மிச்சம் கரியமில வாயுவாகப் பறந்துவிடும். ஆக, நிறைய மாலிக் இருக்கிற ஒயினில்தான் மாலோவின் மாற்றம் பெரிதாகத் தெரியும். வெண்ணெய் வாசனை இதன் உடன்விளைவு: அதே பாக்டீரியா கொஞ்சம் சிட்ரிக் அமிலத்தையும் தின்கிறது, அதிலிருந்து டையசெடில் பிறக்கிறது. நிஜ வெண்ணெயின் வாசனைக்கும் அதே டையசெடில்தான் காரணம்.

இதில் ஒரு வேடிக்கை. ஷாப்லியில் மாலோ நடப்பதில்லை என்று நினைப்பவர்கள் நிறைய. உண்மையில் அங்கேயும் பெரும்பாலான ஒயின்களுக்கு மாலோ நடக்கிறது, இல்லாவிட்டால் அந்தப் புளிப்பைக் குடிக்க முடியாது. பின்னே வெண்ணெய் எங்கே போயிற்று? அடியில் தங்கிய ஈஸ்ட் மண்டி தின்றுவிட்டது. டையசெடில் மாலோவின் முடிவில்தான் உச்சத்துக்கு வரும். உயிருள்ள ஈஸ்ட்டோடு சில வாரங்கள் கிடந்தால் அது வாசனையற்ற பொருளாகச் சிதைந்துவிடும். ஆகவே வெண்ணெய் வேண்டுமென்றால் மாலோ முடிந்த கையோடு மண்டியிலிருந்து ஒயினை வடித்து, கிருமிகளை அடக்கும் கந்தக டைஆக்சைடு போடுகிறார்கள்; தொழிலில் அதைக் கந்தகம் என்றே சொல்வார்கள். வேண்டாமென்றால் மண்டியோடு சேர்த்துப் பொறுமையாக விட்டுவிடுகிறார்கள், அல்லது ஈஸ்ட் போடும்போதே பாக்டீரியாவையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். ஆக வெண்ணெய்யைத் தீர்மானிப்பது மாலோ நடந்ததா என்பதைவிட, முடிந்தபிறகு எவ்வளவு சீக்கிரம் வடித்தார்கள் என்பதுதான்.

மாலோவே வேண்டாம் என்று தடுப்பவர்களும் உண்டு. குளிராக வைத்து, கந்தகம் போட்டு, பாட்டிலில் அடைக்கும்முன் 0.45 மைக்ரான் வடிகட்டியில் விடுவார்கள். இந்த வடிகட்டலில் சோம்பல்பட்டால் பாக்டீரியா பாட்டிலுக்குள் விழித்துக்கொள்ளும். ஒயின் கலங்கி, நாக்கில் பொருபொருவென்று வாயு அடிக்கும், ஊறிப்போன முட்டைக்கோஸ் வாசனை வரும். அப்படி ஒரு பாட்டில் வந்தால் பேச்சில்லாமல் திருப்பி அனுப்பு. கந்தகக் கணக்கும் புளிப்பைப் பொறுத்தது: பி.எச். எண் குறைந்தால் புளிப்பு அதிகம்; அது 3.2 இருந்தால் லிட்டருக்கு 21 மில்லிகிராம் தனிக் கந்தகம் (ஒயினோடு பிணையாமல் இருப்பது) செய்யும் வேலைக்கு, 3.5 இருந்தால் கிட்டத்தட்ட 40 தேவை. வெயில் ஊர் ஒயினுக்குக் காவல் போடுவது இரட்டை வேலை.

கலிபோர்னியா என்றாலே வெண்ணெய் என்று யாராவது அடித்துச் சொன்னால் 1976ஐச் சொல். அந்த வருஷம் மே மாதம் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் லேபிளை மறைத்து நடத்திய சுவைப்புப் போட்டியில் வெள்ளை ஒயின்களில் முதலிடம் பிடித்தது நாபாவின் ஷாட்டோ மோன்டலீனா 1973. பர்கண்டிப் பெரும்புள்ளிகளை முந்தியது. மாலோவைத் தவிர்ப்பதுதான் அந்த ஒயினாலையின் பாணி. இனிப்பும் வெண்ணெயும் கலிபோர்னியாவின் அடையாளமாகப் பரவியது பின்னால் வந்த மோஸ்தர். லிட்டருக்குச் சில கிராம் சர்க்கரையை மிச்சம் வைத்து விற்பது இன்றும் மலிவு பாட்டில்களில் சகஜம். 'டிரை', அதாவது இனிப்பில்லாதது, என்று எழுதியிருப்பதை நம்பாமல் நாக்கை நம்பு.

சரி, ஓக் என்ன தருகிறது? வெனிலா, தேங்காய், கிராம்பு, வறுத்த வாசனை. பீப்பாயின் உள்பக்கத்தை நெருப்பில் வாட்டும் அளவைப் பொறுத்து வெனிலாவோ புகையோ தூக்கலாகும். தேங்காய் வாசனை அமெரிக்க ஓக்கில் அதிகம், பிரெஞ்சு ஓக்கில் அடக்கம். பர்கண்டிப் பீப்பாய் 228 லிட்டர். முதல் வருஷம் தாராளமாகத் தரும், நாலாவது வருஷம் அது வெறும் மரப்பாத்திரம்தான். 'பீப்பாயில் வளர்ந்தது' என்று மட்டும் சொன்னால் போதாது, எத்தனை பங்கு புதுப் பீப்பாய் என்று கேள்.

இன்னொன்று, கேட்டால் நம்பமாட்டாய். சாற்றைப் பீப்பாயிலேயே புளிக்கவைத்தால் ஓக் வாசனை மென்மையாக இருக்கும். ஸ்டீல் தொட்டியில் புளிக்கவைத்துவிட்டுப் பிறகு பீப்பாயில் ஊற்றினால்தான் மரத்தூள் மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். வேலை செய்யும் ஈஸ்ட் வெனிலினில் ஒரு பங்கை வாசனை குறைந்த பொருளாக மாற்றிவிடுகிறது, மண்டியும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்கிறது. மெர்சோவில் பீப்பாய் இருந்தும் மரம் தெரியாமல் இருப்பதற்கு இது பெரிய காரணம். மலிவு பாட்டில்களில் பெரும்பாலும் பீப்பாயே கிடையாது. தொட்டிக்குள் ஓக் சீவல்களை மூட்டையாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். முதல் மோப்பத்தில் வெனிலா ஓங்கி அடித்து, விழுங்கியதும் ஒன்றுமில்லாமல் போனால் பெரும்பாலும் அந்த வகை.

மண்டியைக் கோலால் கிளறிவிடுவதும் உண்டு. ஆரம்பத்தில் வாரம் ஒருமுறை, பிறகு நிறுத்திவிடுவார்கள். செத்த ஈஸ்ட் சிதைந்து ஒயினுக்கு உடல் கொடுக்கும், ரொட்டி மாவு வாசனை வரும். அதிகம் கிளறினால் காற்று நுழைந்து அடிபட்ட ஆப்பிள் வாசனை ஏறும். கிளறாமல் காற்றுப் படாமல் விட்டால் கந்தகச் சேர்மங்கள் சேர்ந்து, கிழித்த தீக்குச்சி வாசனை வரும். இப்போது அதுதான் நாகரிகம். எனக்கு ஒரு துளி இருந்தால் போதும். அது அழுகிய முட்டையாகிவிட்டால் குறை. சந்தேகம் வந்தால் சுத்தமான செம்புக் காசு ஒன்றைக் கிளாஸில் போட்டுச் சுழற்றிப் பார். வாசனை மறைந்தால் காரணம் அந்தக் கந்தகச் சேர்மங்கள்தான். அந்தக் கிளாஸைக் குடிக்காமல் கொட்டிவிடு.

ஷாப்லி மண்ணில் சிப்பிப் புதைபடிவங்கள் உண்டு என்பது உண்மை. அந்தச் சிப்பி நாக்குக்கு வருகிறது என்பது விற்பனைப் பேச்சு. மண் தண்ணீரையும் சூட்டையும் நிர்வகிக்கிறது, பழம் பழுக்கும் வேகத்தை மாற்றுகிறது, அவ்வளவுதான். கல் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு புளிப்பும், பழவாசனை அடங்கியிருப்பதும், மேலே சொன்ன அந்தக் கந்தகச் சாயலும். ஒரே ஷார்டனேவிலும் நாற்று வகை பல உண்டு, அதுவும் சுவையைக் கொஞ்சம் மாற்றும். மஸ்கட் வாசனை அடிக்கும் ஷார்டனே நாற்றுகூட ஒன்று இருக்கிறது, அபூர்வம்.

பையன்களுக்குப் பேச்சு வேண்டாம், கிளாஸ் வை. நாலு பாட்டில்: ஸ்டீலில் வளர்ந்த ஷாப்லி, ஓக் படாத மக்கோன் (பர்கண்டியின் தென்பகுதி), மெர்சோ, 14 சதவீதத்துக்கு மேல் உள்ள கலிபோர்னியா. மக்கோனை விட்டுவிடாதே. ஷாப்லியைவிடத் தெற்கு, மரம் இல்லை. வெயில் எது, மரம் எது என்று பிரித்துக் காட்டுவது அதுதான். ஆளுக்கு 50 மில்லி ஊற்றினால் ஒரு பாட்டிலில் 15 பேர். ஃப்ரிட்ஜிலிருந்து 20 நிமிஷம் முன்பே எல்லாவற்றையும் வெளியே எடு. ஒரே கிளாஸ், ஒரே குளிர்ச்சி இல்லாவிட்டால் ஒப்பீடே வீண். ரொம்பக் குளிர்ந்தால் மெர்சோவும் மக்கோனும் ஒன்றுபோல ஊமையாகிவிடும். இது பயிற்சிக்கு மட்டும்; வாடிக்கையாளருக்குப் பரிமாறும்போது ஷாப்லி 10 டிகிரி, மெர்சோ 12 அல்லது 13.

அதற்கு முன்னால் ஒரு சின்னப் பயிற்சி. உணவுத் தர மாலிக் அமிலம் ஒரு கிராமை ஒரு லிட்டர் தண்ணீரிலும், லாக்டிக் அமிலக் கரைசல் ஒரு மில்லியை இன்னொரு லிட்டரிலும் கரைத்துக் கொடு. ஒன்று பல் கூசும், மற்றது நாக்கில் பரவும். பிறகு ஒரு தட்டில் வெண்ணெய்த் துண்டும், இன்னொன்றில் வெனிலா எசன்ஸ் நனைத்த பஞ்சும் வைத்து மாறி மாறி முகரச் சொல். இந்த இரண்டையும் கலக்காமல் பிரிக்கத் தெரிந்தவன், வாடிக்கையாளர் "ஓக் இல்லாதது கொடு" என்று கேட்கும்போது அவர் வெறுப்பது மரத்தையா வெண்ணெயையா என்று திருப்பிக் கேட்பான். இரண்டுக்கும் எடுத்துக்கொடுக்க வேண்டிய பாட்டில் வேறு வேறு.

மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் நீ மட்டும் முகர்ந்து பார். தீக்குச்சி பெரும்பாலும் போயிருக்கும், வெனிலா அப்படியே இருக்கும். யார் எதை எதோடு குழப்பினார்கள் என்று எழுது. உன் பட்டியலில் மூன்றாவதாக இருந்த அந்த மலிவு பாட்டிலின் ஆல்கஹால் அளவையும் சேர்த்து எழுது. அதில் சீவல் மூட்டை இருக்கிறதென்று எனக்குச் சந்தேகம்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ரகு