அக்டோபர் ஓட்டங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காகச் சென்னையில் அக்டோபர் மாதத்தில் ஓட்டங்களை நடத்தும் குழுக்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை என்பதால், இம்மடலை ஒரு குழுவின் பெயருக்கு மட்டும் எழுதாமல் உங்கள் அனைவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இவ்வாண்டு பத்து கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். பதிவுப் படிவத்தில் ‘ஏன் ஓடுகிறீர்கள்?’ என்ற கேள்வியும் அதற்கு விடையெழுத இரண்டு வரி இடமும் இருந்தன. ‘என் சித்திக்காக’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். அந்த விடையில் அடங்காதவற்றையும், அவற்றின் காரணமாக உங்களிடம் கேட்டே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றுபவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

என் சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் வாழ்ந்தவர். மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்குகளைப் பல ஆண்டுகள் பார்த்தவர். வங்கி மேலாளரிடம் தயங்காமல் பேசி ஊர்ப் பெண்களுக்குக் கடன் வாங்கித் தந்தவர். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை அவர் வீட்டு பீரோவில் பத்திரமாக இருந்தது. இவற்றையெல்லாம் நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நோய் முற்றிய பின் மருத்துவமனைக்கு வரும் பெண்களைப் பற்றிப் பேசும்போது, படிப்பில்லை, பணமில்லை, விவரம் தெரியவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். சித்திக்கு இந்த மூன்றும் பொருந்தாது. குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது, அது வலிக்கவில்லை. வலிக்காத ஒன்றுக்காக வீட்டைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று முடிவு செய்தார். முதலில் மகளின் கல்யாணம் முடியட்டும் என்றிருந்தார். பிறகு சம்பா அறுவடை வந்தது. அதன் பிறகு மகளின் பிரசவம். சித்தப்பாவிடமோ, தினமும் தொலைபேசியில் பேசிய அக்காவிடமோ அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ‘அந்த ஆஸ்பத்திரியில ஆம்பள டாக்டர்தான் இருப்பாரு, எப்படிப் போய்க் காட்டுறது?’ என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

தோல் புண்ணாகி, ரவிக்கையில் கறை படிந்ததை அம்மா பார்த்த பிறகுதான் சென்னைக்கு அழைத்து வந்தோம். அதற்குள் நோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. கட்டி எப்போதிலிருந்து இருக்கிறது என்று மருத்துவர் கேட்டபோது, சித்தி முதலில் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு சில மாதங்களாக என்றார். அம்மா மருந்து வாங்கக் கீழே இறங்கிப் போன பின்னர்தான் உண்மையான காலத்தை என்னிடம் சொன்னார். அது ஒன்றரை ஆண்டுக்கும் மேல். தன் உடம்பில் ஒன்றைத் தொட்டு உணர்ந்த பிறகும், அதைத் தன் அக்காவிடம்கூடச் சொல்ல முடியாதபடி அவரை எது தடுத்தது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விட்டு அகலவில்லை. அவர் இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்களிடம் எங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் மஞ்சள் காமாலை என்றே சொன்னார்கள். சித்தியின் வாயை அடைத்த அதே தயக்கம் அவருடைய சாவு வீட்டிலும் உட்கார்ந்திருந்தது.

நான் ஓடுவதற்கான முதல் காரணம் இதுதான். நன்கொடையை மட்டும் அனுப்பியிருந்தால் என் உறவினர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. மார்பகப் புற்றுநோய் என்று நெஞ்சில் எழுதிய சட்டையோடு கடற்கரைச் சாலையில் ஓடப் பழகும் படத்தைக் குடும்பத்தினருக்கு அனுப்பியதும் கேள்விகள் வரத் தொடங்கின. பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் சித்தியின் மகள் ஒரு நாள் இரவு என்னைக் கூப்பிட்டு நெடுநேரம் பேசினாள். தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ இந்நோய் வந்திருந்தால் ஒரு பெண்ணுக்கு அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்பதை அவள் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. அவளிடம் யாரும் சொல்லவுமில்லை. அடுத்த வாரமே அவள் திருவாரூரில் பெண் மருத்துவர் ஒருவரிடம் போய்ப் பரிசோதித்துக் கொண்டாள். நான் பந்தயத்தில் எந்த நேரத்தில் ஓடி முடித்தாலும், அந்த ஒரு தொலைபேசி அழைப்புக்காகவே இந்த ஓட்டம் எனக்குத் தகும்.

ஓட்டத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். உடற்பயிற்சி மார்பகப் புற்றுநோயின் வாய்ப்பை ஓரளவு குறைக்கிறது என்பதும், மாதவிடாய் நின்ற பின் கூடும் உடல் எடையும் மதுவும் அதைக் கூட்டுகின்றன என்பதும் உறுதியானவை. ஆனால் ‘ஓடுங்கள், புற்றுநோயை வெல்லுங்கள்’ என்பது போன்ற வாசகங்களை உங்கள் பதாகைகளில் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்நோய் கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பெண்ணாகப் பிறந்ததையும் நாற்பது வயதைக் கடந்ததையும் தவிர வேறு குறிப்பிட்ட காரணம் எதுவும் இருப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாள் முழுவதும் வயலில் குனிந்து நிமிர்ந்த சித்திக்கு உழைப்பு குறைவாக இருந்ததில்லை. நோயுற்றவர் தன்னையே குற்றம் சாட்டிக்கொள்ள இடம் தரும் எந்தச் சொல்லும் அந்தப் பதாகையில் வேண்டாம்.

இனி என் வேண்டுகோளுக்கு வருகிறேன். 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 6,70,000 பேர் அதனால் இறந்தார்கள். வளமான நாடுகளில் நோய் கண்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். இந்தியாவில் அந்த எண்ணிக்கை 66 என்று உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. நோய் எந்த நிலையில் மருத்துவர் முன் வருகிறது என்பது இந்த இடைவெளிக்கு ஒரு பெருங்காரணம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் ஒருமுறையேனும் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மருத்துவக் கட்டமைப்புக்குப் பெயர்பெற்ற நம் தமிழ்நாட்டிலும் அது நூற்றுக்கு ஆறைத் தொடவில்லை.

இந்தப் பரிசோதனை என்றதும் மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராம் கருவிதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அந்தக் கருவி எல்லா ஊர்களுக்கும் போய்ச் சேர நெடுங்காலம் ஆகும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை என்பதை மும்பையின் டாடா நினைவு மருத்துவமனை காட்டியிருக்கிறது. 1998-இல் தொடங்கி, அந்நகரின் குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரையிலான ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பெண்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் மார்பகப் பரிசோதனை செய்தார்கள். முடிவுகள் 2021-இல் வெளியாயின. பரிசோதிக்கப்பட்ட பிரிவில் நோய் கண்டவர்களில், அது முற்றிய மூன்றாம், நான்காம் நிலையில் வந்தவர்கள் 37 சதவீதம். மற்றப் பிரிவில் 47 சதவீதம். ஐம்பது வயதைக் கடந்த பெண்களிடையே இந்நோயால் இறப்பது ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே அத்தகைய குறைவு தென்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி, பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் கை உயிர்களைக் காக்கிறது என்ற செய்தியைப் படித்தபோது, மன்னார்குடிப் பக்கத்தில் அப்படியொரு பெண் சித்தியின் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் என்ற எண்ணம் எழுவதை என்னால் தடுக்க முடியவில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான்: ஓட்டத்துக்கு முந்தைய நாள் சட்டையும் எண் அட்டையும் வாங்க நாங்கள் அனைவரும் ஓரிடத்துக்கு வந்தே தீர வேண்டும் அல்லவா? அங்கே, விளம்பரக் கடைகளுக்கு நடுவில், நன்றாக மறைக்கப்பட்ட ஓர் அறையைப் பரிசோதனைக்கென ஒதுக்குங்கள். பயிற்சி பெற்ற பெண் செவிலியர்கள் அங்கே இருக்கட்டும். பரிசோதனை முடிந்ததும் ஒரு துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்புவதோடு பொறுப்பு முடிந்துவிடக் கூடாது. சந்தேகத்துக்குரிய கட்டி தென்பட்டால் ஸ்கேன், மேமோகிராம், ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பது ஆகியவை எங்கே, எந்த நாளில் நடக்கும் என்பது அந்த அறையிலேயே முடிவாக வேண்டும். முதல் முறை மருத்துவரைக் கண்டதிலிருந்து அறுபது நாள்களுக்குள் நோயைக் கண்டறிந்து உறுதி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இருக்க, காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனையும் இருக்க, உங்களால் முன்கூட்டியே பேசி இந்த ஏற்பாட்டைச் செய்ய முடியும்.

அந்த அறையின் கதவு பதிவுக் கட்டணம் செலுத்தியவர்களுக்கு மட்டுமே திறந்தால் போதாது. ஓட்ட நாளன்று விடிவதற்கு வெகுநேரம் முன்பே கடற்கரைச் சாலையைப் பெருக்கிச் சுத்தம் செய்பவர்கள் பெண்கள். நாங்கள் ஓடி முடித்துப் போட்டுவிட்டுப் போகும் தண்ணீர்க் குப்பிகளை எடுப்பவர்களும் அவர்களே. நாங்கள் வேலை பார்க்கும் அலுவலகங்களில் கழிவறை துலக்கும் அக்காமார்கள், வீடுகளில் பாத்திரம் கழுவும் அம்மாக்கள் ஆகியோரில் எவருடைய மார்பகத்தையும் பயிற்சி பெற்ற கை தொட்டுப் பார்த்திருக்காது என்றே நினைக்கிறேன். அவர்களை அழைத்து வரும் பொறுப்பை ஓடுபவர்களிடமே கொடுங்கள். ஒவ்வொருவரும் ஒரு பெண்ணை உடன் அழைத்து வர வேண்டும் என்று நீங்கள் அறிவித்தால் எங்களில் பெரும்பாலோர் மனமுவந்து செய்வோம்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுவோம். கட்டணத்தில் சட்டை, பதக்கம், மேடை, இசை ஆகியவற்றுக்குப் போனது எவ்வளவு, நோயாளிகளைச் சென்றடைந்தது எவ்வளவு என்ற கணக்கை ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நோயாளிகளுக்குப் போகும் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று என்னைக் கேட்டால், பேருந்துக் கட்டணம் என்பேன். அறுவைச் சிகிச்சைக்கும் மருந்துக்கும் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோவுக்காக வெளியூரிலிருந்து வந்து போகும் செலவு, கதிர்வீச்சு நடக்கும் வாரங்களில் நகரத்தில் தங்கும் இடம், உடன் வருபவரின் சாப்பாடு, அவர் இழக்கும் கூலி இவற்றுக்குக் கைகொடுப்பார் யாருமில்லை. சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியவர்களில் பலர் இந்தச் சில்லறைச் செலவுகளால் நிறுத்தியவர்கள் என்பதை, சித்தியோடு வரிசையில் காத்திருந்த பெண்களின் வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன்.

இது இந்நகரத்துக்குப் புதிய வழியும் அல்ல. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துயரத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாமல் இந்திய மாதர் சங்கத்தின் வழியாகப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1954-இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. டாக்டர் வி. சாந்தா, 2021-இல் மறையும் வரை, அந்த வளாகத்திலேயே வாழ்ந்து அதை வளர்த்தார். ஒரு குடும்பத்தின் இழப்பு இத்தனை பேருக்கு மருந்தாக முடியும் என்பதைக் கண்ட ஊர் இது. நீங்கள் கேட்டால் இந்த ஊர் கொடுக்கும்.

கடைசியாக ஒன்று. சிகிச்சை முடிந்தவர்களுக்கென நேர வரம்பில்லாத நடைப் பிரிவு ஒன்றை வையுங்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பின் கையை அசைக்காதே, உடம்பை வருத்தாதே என்று அறிவுரை சொன்ன காலம் உண்டு. இப்போது மருத்துவர்கள் அளவான பயிற்சியை ஊக்குவிக்கிறார்கள். அந்தப் பிரிவில் ஆண்களுக்கும் இடம் இருக்கட்டும். நோய் கண்டவர்களில் நூற்றுக்கு ஒருவர் அல்லது அதற்கும் குறைவானவர் ஆணாக இருக்கிறார், அவருக்கு இதை வெளியில் சொல்வது பெண்ணைவிடவும் கடினம்.

பரிசோதனை அறைக்கான செலவில் ஒரு பகுதியை ஏற்க, என்னோடு காலையில் ஓடும் தோழியர் சிலர் முன்வந்திருக்கிறார்கள். பெண்களை வரவேற்று உட்காரவைக்கவும், பெயர் எழுதவும், பின்னர் தொலைபேசியில் அழைத்து மருத்துவமனைக்குப் போனார்களா என்று விசாரிக்கவும் ஆள் தேவைப்பட்டால் நாங்கள் வருகிறோம்; சித்தியின் மகளும் திருவாரூரிலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறாள். எண் அட்டை வழங்கும் நாளையும் இடத்தையும் நீங்கள் முடிவு செய்ததும் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஓட்டத்தில் பங்கேற்கும் ஒருத்தி,
சென்னை.