கோகோ விலையப் பத்தி எழுதுனீங்க, அத நட்டவங்களப் பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

சாக்லேட் ஏன் இப்படி விலை ஏறுச்சுன்னு போன வாரம் நீங்க போட்ட கட்டுரைய படிச்சேன். 2024ல கோகோ டன் 10,000 டாலர தாண்டுனது, மேற்கு ஆப்பிரிக்காவுல மழை காலம் தவறிப் பெஞ்சது, தண்டு வீங்குற வைரஸ் நோயில தோட்டம் தோட்டமா மரம் போனது, எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா உலகத்து கோகோவுல கிட்டத்தட்ட 40 சதவீதம் விளையுற ஐவரி கோஸ்ட்டுல அந்த மரத்த நட்டது யாரு, அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு ஒரு வரி கூட இல்லைங்க. மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு, அதான் எழுதறேன்.

நான் ஆனைமலை பக்கம் தென்னைக்கு நடுவுல ஊடுபயிரா கோகோ போட்டிருக்கறவன். கன்னு வெச்சா காய்ப்புக்கு வர மூணு நாலு வருஷம் ஆகும், அதுவரைக்கும் தண்ணி விட்டு கவாத்து பண்ணி பொறுத்துக் கெடக்கணும். இந்த எடத்துலதான் நாம இருக்கப்போறோம், நம்ம புள்ளைங்க இருக்கப்போறாங்கன்னு நம்புறவன்தான் இந்தப் பயிருல கை வெப்பான். அப்படி நம்பி காட்ட திருத்தி கன்னு வெச்சவங்களத்தான் அங்க நீ இந்த நாட்டுக்காரனே இல்லன்னு சொன்னாங்க.

அவங்க எப்படி வந்தாங்கன்னு பாருங்க. இன்னைக்கு புர்கினா ஃபாசோன்னு சொல்ற நாடு அப்ப அப்பர் வோல்ட்டாங்குற பிரெஞ்சு காலனி. 1932ல பிரெஞ்சுக்காரங்க அத கலைச்சு பெரும்பகுதிய ஐவரி கோஸ்ட்டோட சேர்த்துட்டாங்க, 1947 வரைக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அங்கிருந்து ஆளுங்கள கட்டாய வேலைக்கு ரயில் பாதை போட, ரோடு போட, தோட்டத்துல பாடுபடன்னு தெக்க ஓட்டிட்டு வந்தாங்க. ஒரே காலனிக்குள்ள அனுப்புன எடத்துக்கு வந்தவங்க, எந்த நாட்டோட எல்லையையும் தாண்டி வரல. 1960ல சுதந்திரம் கெடச்சப்புறம் மொத ஜனாதிபதி ஊஃபுவே புவாஞி, நிலத்த யாரு திருத்தி விளைய வெக்கிறாங்களோ அவங்களுக்கே அது சொந்தம்னு அறிவிச்சாரு, அத நம்பி புர்கினாவுல இருந்தும் மாலியில இருந்தும் இன்னும் ஆளுங்க வந்தாங்க. 1990 வரைக்கும் அவங்க தேர்தல்ல ஓட்டு கூட போட்டாங்க. ஓட்டும் இருக்கு தோட்டமும் இருக்கு, தனியா குடியுரிமை பேப்பர் வாங்கணும்னு யாருக்குங்க தோணும்?

ஆனா சட்டம் வேற மாதிரி இருந்துச்சு. 1961 குடியுரிமைச் சட்டத்துல ரெண்டு பெத்தவங்களும் வெளிநாட்டவரா இருந்தா மட்டும் அங்க பொறந்த புள்ளைக்கு குடியுரிமை இல்லன்னு எழுதிட்டு, யாரு வெளிநாட்டவருன்னு தெளிவா சொல்லாம விட்டுட்டாங்க. 1972ல திருத்தம் கொண்டு வந்து, அங்க பொறந்த புள்ளைங்க தாங்களா பதிவு பண்ணி குடிமகன் ஆகுற வழியையும் அடைச்சாங்க, பெத்தவங்க யாருன்னே தெரியாத கைவிடப்பட்ட குழந்தைங்களுக்கு இருந்த பாதுகாப்பும் அதோட போச்சு.

இதெல்லாம் விலை நல்லா இருந்த வரைக்கும் யாரையும் உறுத்தல. 1989ல விவசாயிக்கு தர்ற விலைய அரசாங்கம் பாதியா குறைச்சுது. டவுன்ல வேலை போன பசங்க ஊருக்கு திரும்புனா அப்பா நிலம் வேற ஒருத்தர் கையில இருக்கு, அப்ப ஆரம்பிச்சதுதான் அசல் ஐவரி கோஸ்ட்காரன் யாருங்குற பேச்சு. அரசியல்வாதிங்க அத கையில எடுத்தாங்க, 1998ல கிராமப்புற நிலம் குடிமக்களுக்கு மட்டும்தான் சொந்தமாகலாம்னு சட்டம் வந்துச்சு, அடுத்த வருஷமே தென்மேற்குல இருக்கற தாபு பகுதியில இருந்து புர்கினா வழி ஆளுங்க ஆயிரக்கணக்கானவங்கள அடிச்சு வெரட்டுனாங்க. பிரதமரா இருந்த அலசான் உவட்டாராவையே உன் அப்பா அம்மா யாருன்னு கேட்டு ஜனாதிபதி தேர்தல்ல நிக்க விடலன்னா, கூலிபாலி, திராவோரேன்னு, புர்கினா, மாலிக்காரங்க பேரு மாதிரியே இருக்கற வடக்கத்திப் பேரு வெச்ச ஒரு சாதாரண விவசாயி என்ன பாடு பட்டிருப்பான். செக்போஸ்ட்டுல போலீஸ்காரங்க அவங்க அடையாள அட்டைய வாங்கி கிழிச்சுப் போட்ட கதையெல்லாம் மனித உரிமை அமைப்புங்க பதிவு பண்ணி வெச்சிருக்கு.

2002 செப்டம்பர்ல வடக்குல ஆயுதம் தூக்குனவங்க வெச்ச முக்கியமான கோரிக்கைகள்ல ஒண்ணு அடையாள அட்டைங்க. நாடே ரெண்டா பிரிஞ்சு கெடந்துச்சு. 2007ல ஒப்பந்தம் போட்டு, ஊர் ஊரா கோர்ட்டு போயி பொறப்பு பதிவு குடுக்கற ஏற்பாடு பண்ணாங்க, அப்பவும் 2010 தேர்தலுக்கப்புறம் சண்டை திரும்ப வெடிச்சு 3,000 பேரு வரைக்கும் செத்தாங்க. கோகோ விளையுற மேற்குல டுவேகுவேங்குற ஊருல நூத்துக்கணக்கான பேர கொன்னாங்க, ரெண்டு பக்கத்து ஆளுங்க கையிலயும் ரத்தம் இருக்கு. லைபீரியாவுக்கு லட்சத்துக்கு மேல ஓடுனாங்க. திரும்பி வந்தப்ப பல பேரு நிலத்துல வேற ஆளு காய் அறுத்துட்டு இருந்தான். ஓடிப்போனவன் கிட்டயும் பேப்பர் இல்ல, உள்ள வந்தவன் கிட்டயும் பேப்பர் இல்ல, எந்த பஞ்சாயத்துலங்க தீர்க்க முடியும் இத?

அந்த நாட்டு அரசாங்கம் சும்மா இருக்கலைங்குறதையும் சொல்லணும். நாடற்றோர், அதாவது எந்த நாட்டு குடியுரிமையும் இல்லாதவங்க சம்பந்தப்பட்ட ரெண்டு சர்வதேச ஒப்பந்தத்துலயும் 2013ல சேர்ந்தாங்க, பல காலமா அங்கயே இருக்கறவங்க பதிவு பண்ணி குடியுரிமை வாங்கலாம்னு தனி சட்டமும் போட்டாங்க, ஒரு லட்சத்துக்கு மேல மனு வந்துச்சு. ஆனா காலக்கெடு 2016 ஜனவரியோட முடிஞ்சு போச்சு. தாத்தாவ கட்டாய வேலைக்கு இழுத்துட்டு வந்தப்ப யாரு ரசீது குடுத்தா, ஆதாரம் கொண்டான்னா எங்க போவாங்க? இப்படி நாடற்று இருக்கறவங்க சுமார் 7 லட்சம் பேருன்னு அப்ப ஐநா அகதிகள் அமைப்பு கணக்கு சொல்லுச்சுங்க. பொறப்பு சான்றிதழ் இல்லாத புள்ளைங்க ஆரம்பப் பள்ளி கடைசி பரிட்சைக்கே போக முடியாம நிக்குது. கைவிடப்பட்ட குழந்தைங்க சில பேருக்கு 2019ல கோர்ட்டு மூலமா குடியுரிமை கெடச்சத படிச்சப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு.

இப்ப ஐரோப்பிய யூனியன் காடு அழிப்பு தடுப்புச் சட்டம்னு, ஒவ்வொரு மூட்டை கோகோவும் எந்த நிலத்துல விளைஞ்சதுன்னு காட்டணும்ங்குது. காட்ட காப்பாத்தணும், அதுல மாத்துக் கருத்து இல்ல. ஆனா பேருல அட்டையே இல்லாத விவசாயி இந்த கணக்குல இருந்து மொத்தமா விழுந்துருவானோன்னு பயமா இருக்கு.

கட்டுரையோட ரெண்டாம் பகுதி வரும்னு போட்டிருந்தீங்க. அதுக்கு சாக்லேட் கம்பெனிக்காரங்கள பேட்டி எடுத்தீங்கன்னா, உங்களுக்கு கொட்டை குடுக்கற விவசாயிகள்ல எத்தன பேரு கிட்ட அடையாள அட்டை இருக்கு, இல்லாதவங்களுக்கு வாங்கிக் குடுக்க என்ன செய்யறீங்கன்னு கேட்டு, அவங்க சொல்ற பதில அப்படியே போடுங்க.

இப்படிக்கு,
ஒரு கோகோ விவசாயி,
ஆனைமலை