ஏற்றாத சாமானுக்குக் கூலி இல்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் வீடு மாற்றும் செலவைப் பற்றிப் பேசும்போது உன் குரலே சரியில்லை. புது வீட்டு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, பழைய வீட்டு அட்வான்ஸ் இன்னும் கைக்கு வரவில்லை, நடுவில் சாமான் ஏற்றுகிறவர்கள் சொன்ன தொகை வேறு தலையைச் சுற்றுகிறது என்றாய். நான் பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் உனக்கு ஏதோ வேலை வந்துவிட்டது. வேலைக்காலம் முழுக்க மாற்றலாகிக்கொண்டே இருந்தவன் நான். வீடு காலி செய்வது எனக்குக் கைப்பழக்கம். அதனால் நிதானமாக எழுதிவிடுகிறேன், நேரம் கிடைக்கும்போது படி.

அவர்கள் சொன்ன தொகையைப் பேரம் பேசிக் குறைக்கப் பார்க்கிறாய். பேசு, தப்பில்லை. ஆனால் அந்தத் தொகை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு பேசு. எவ்வளவு சாமான், எவ்வளவு தூரம், எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, வண்டி வாசல்வரை வருமா, எந்தத் தேதி, இவ்வளவுதான் கணக்கு. தூரமும் மாடியும் உன் கையில் இல்லை. சாமானும் தேதியும் உன் கையில் இருக்கின்றன. பேரத்தில் குறைவது சில்லறை. நோட்டாகக் குறைய வேண்டும் என்றால் இந்த இரண்டில்தான் கை வைக்க வேண்டும்.

தேதியைச் சட்டென்று முடித்துவிடலாம். மாதக் கடைசியிலும் சனி ஞாயிறிலும்தான் எல்லோரும் வீடு மாற்றுகிறார்கள். அப்போது வண்டிக்கும் ஆளுக்கும் கிராக்கி. மாத நடுவில் ஒரு வார நாளைக் கேட்டுப்பார், அதே ஆட்கள் வேறு தொகை சொல்வார்கள். ஆனால் அதற்காக இரண்டு வீட்டுக்கும் பதினைந்து நாள் வாடகை கட்டும்படி ஆகிவிட்டால் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய். புது வீட்டுச் சாவி இரண்டு மூன்று நாள் முன்னாலேயே கிடைத்தால் மட்டும் விடாதே. வெறும் வீட்டைக் கழுவித் துடைப்பது சுலபம், சின்னச் சின்னச் சாமான்களை நீயே கொண்டுபோய் வைத்துவிடலாம்.

இனி சாமான். நீ கவனித்தாயோ என்னவோ, வண்டி வாடகை கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதில்லை, படி படியாகத்தான் ஏறும். முக்கால் வண்டி சாமானுக்கும் முழு வண்டி வாடகைதான். கொஞ்சம் வழிந்தால் அடுத்த அளவு வண்டி, அல்லது இன்னொரு நடை. ஆகவே நாலைந்து பெரிய பொருள்களைக் கழித்தால் வண்டியே ஒரு அளவு சின்னதாகிவிடலாம். பத்துப் பாத்திரத்தைக் கழிப்பதால் அப்படி ஆகாது. அம்மா இதை எழுதும்போதே எட்டிப் பார்த்து, “பாத்திரத்தில் கை வைக்கச் சொல்லாதீர்கள்” என்கிறாள். சொல்லவில்லை.

கட்டிலிலிருந்தும் அலமாரியிலிருந்தும் ஆரம்பி. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, இது தொலைந்துபோனால் திரும்பக் காசு கொடுத்து வாங்குவேனா என்று கேட்டுக்கொள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் வரும் அலமாரி இருக்கிறதே, அதை மட்டும் கொண்டுபோகாதே. கழற்றி மறுபடி பூட்டும்போது அந்தப் பலகையில் திருகாணி முன்பு மாதிரி பிடிக்காது. ஓட்டை பெரிதாகி, கதவு தொங்கி, ஏற்றிய கூலி, இறக்கிய கூலி, பூட்டிய கூலி எல்லாம் கொடுத்த பிறகு அது ஆட ஆரம்பிக்கும். நல்ல மரமோ இரும்போ என்றால் வேறு பேச்சு, அது உன்னை விடவும் நன்றாகப் பிரயாணம் செய்யும்.

போன தடவை வீடு மாற்றியபோது கட்டி, இன்னும் பிரிக்காமல் பரணில் கிடக்கும் பெட்டிகள் உன்னிடம் கட்டாயம் இருக்கும். பிரித்துப் பார். இத்தனை காலம் தேடாத பொருளுக்கு இன்னொரு முறை எதற்குக் கூலி? விற்க வேண்டியதை இப்போதே விற்பனைக்குப் போடு. வெளிச்சத்தில் வைத்துப் படம் எடு, நீளம் அகலம் உயரம் எழுது. கடைசி வாரத்தில் விற்றால், நீ காலி செய்தாக வேண்டும் என்பது வாங்குகிறவனுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அவன் சொன்னதுதான் விலை.

கொஞ்சம் சாமானைத் தனியாகப் பார்சலில் அனுப்பலாம் என்றும் சொன்னாய். அங்கே எடையோடு கொள்ளளவையும் பார்ப்பார்கள். விமானச் சரக்கில் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுப்பது வழக்கம், அதுவும் தராசு எடையும் இரண்டில் எது அதிகமோ அதுதான் கிலோ கணக்கு. உன் தலையணைகளை 60-க்கு 50-க்கு 40 பெட்டியில் போட்டால் தராசில் மூன்று கிலோகூட இருக்காது, பில்லில் 20 கிலோ இருக்கும். வகுக்கும் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சின்ன எண்ணாக இருந்தால் பில் இன்னும் ஏறும். பஞ்சுச் சாமானை வண்டியிலும், கனமான சின்னப் பொருளைப் பார்சலிலும் அனுப்புவதா என்று இரண்டு கணக்கையும் போட்டுப் பார்.

வண்டி பேசுவதற்கு முன்னால் டேப்பை எடுத்துக்கொண்டு புது வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வா. வாசற்கதவு, படுக்கையறைக் கதவு, லிஃப்ட் உள்பக்கம், மாடிப்படி திரும்புகிற இடம், ஃப்ரிட்ஜ் வைக்கும் மூலை. முக்கியமாக அந்தத் திருப்பம். சோபா கதவுக்குள் நுழையும், மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு மேலேயும் போகாது கீழேயும் வராது. ஆட்கள் கைபிடிச் சுவருக்கு மேலே தூக்க ஆரம்பித்தால் அதற்குத் தனிக் கூலி, சுவரில் கீறல் விழுந்தால் அது வேறு.

கொட்டேஷன் குறைந்தது மூன்று பேரிடம் வாங்கு. போனில் “இரண்டு ரூம் வீடு” என்று சொல்லி வாங்கும் தொகை தொகையே இல்லை. நேரில் வரச்சொல், அல்லது வீடியோவில் காட்டு. கட்டிலுக்கு அடியில், பரண், பால்கனி எதையும் மறைக்காதே. மறைத்தால் அன்றைக்கு வாசலில் நின்று தகராறு. எழுத்தில் கேள்: கட்டுகிற சாமான் யாருடையது, கழற்றிப் பூட்டுவது சேர்த்தியா, மாடிக்கூலி, சுங்கம், வரி, காத்திருக்கும் நேரத்துக்குக் காசு உண்டா. மற்றவர்கள் ஒரு தொகை சொல்ல, ஒருவர் மட்டும் பாதி சொன்னால் சந்தோஷப்படாதே. அந்த மீதிப் பாதி இறக்குகிற இடத்தில் வரும். உன் சாமான் அவர் வண்டிக்குள், நீ நடைபாதையில், அப்போது என்ன பேரம் பேசுவாய்? முன்பணம் கொஞ்சமாகக் கொடு, பாக்கியை இறக்கி எண்ணிப் பார்த்த பிறகு கொடு.

பெட்டி கட்டுவதை நீயே செய்தால் நல்ல மிச்சம். கடைகளில் கேட்டால் காலிப் பெட்டி சும்மாவே கிடைக்கும், நனைந்து காய்ந்ததை மட்டும் எடுக்காதே. ஒரு அடிக்கு ஒரு அடி பெட்டியில் புத்தகம் நிறைத்தாலே 15 கிலோ வந்துவிடும், அதைவிடப் பெரிய பெட்டியில் புத்தகம் வைத்தால் அடி பிய்ந்துவிடும். பபிள் ரேப்பைச் சுருள் சுருளாக வாங்காதே, துண்டும் போர்வையும் எப்படியும் வரத்தான் போகின்றன, பீங்கானை அவற்றில் சுற்று. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் செங்குத்தாக நிறுத்து. பெயரைப் பெட்டியின் மூடியில் எழுதாமல் பக்கவாட்டில் எழுது, அடுக்கிய பிறகு மூடி தெரியாது. கழற்றிய திருகாணிகளைச் சின்னப் பையில் போட்டு அந்தந்த மேசையின் அடியிலேயே டேப் போட்டு ஒட்டிவிடு. எல்லாத் திருகாணியையும் ஒரே டப்பாவில் போடுவது உன் அம்மா வழி, அதைப் பற்றி நான் எழுதுவதற்கில்லை.

சரி, எங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கனமான சாமானுக்கு நண்பர்களைக் கூப்பிடாதே. ஒருவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டால் கூலி கொடுத்திருக்கலாமே என்று தோன்றும். ஃப்ரிட்ஜ் நின்றபடியே போக வேண்டும். வேறு வழியில்லாமல் சாய்த்து ஏற்றியிருந்தால், நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் விட்டு ஸ்விட்ச் போடச் சொல். கம்ப்ரஸர் எண்ணெய் திரும்ப இறங்க வேண்டும். முன்பக்கக் கதவு வாஷிங் மெஷினுக்கு டிரம்மை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டுகள் வாங்கும்போதே தந்திருப்பார்கள், மெஷினோடு வந்த புத்தகப் பையில் தேடு. அவற்றைப் பூட்டாமல் ஏற்றினால் வழி முழுக்க டிரம் ஆடி உள்ளே அடித்துக்கொள்ளும். இன்ஷூரன்ஸ் எடுப்பதானால், நீயே கட்டிய பெட்டிக்குள் உடைவதற்கும் பணம் உண்டா என்று கேள். பல பாலிசிகளில் அது சேராது. அப்படியென்றால் உடையும் சாமானை மட்டும் அவர்கள் கையால் கட்டச் சொல்லிவிடு. நகையும் பத்திரமும் மருந்தும் சான்றிதழும் உன் கைப்பையில்.

வண்டிக்கூலியைவிடப் பெரிய தொகை ஒன்று பழைய வீட்டு ஓனரிடம் இருக்கிறது, நீ சொன்ன அட்வான்ஸ்தான். ஒப்பந்தத்தை எடுத்து, எத்தனை நாள் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும், பெயின்ட் யார் செலவு என்று படி. ஆணி ஓட்டைகளை நீயே அடைத்துவிடு, பட்டி ஒரு டப்பா போதும், அவர் ஆள் வைத்து அடைத்தால் அட்வான்ஸில் கழிப்பார். வீடு காலியானதும் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடு, மீட்டர்களைத் தெளிவாகப் படம் பிடி, சாவி கொடுத்ததற்கு ஒரு மெசேஜாவது அனுப்பி வை. புது வீட்டிலும் அப்படியே, முதல் பெட்டி உள்ளே போகும் முன் எடுத்துவிடு. விரிசலும் கறையும் உனக்கு முன்னாலேயே இருந்தவை என்று சொல்ல அதுதான் சாட்சி.

புது வீட்டுக்கு என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறாயாம், அம்மா சொன்னாள். திரைச்சீலைக்கு மட்டும் அளவெடுத்து வாங்கிக்கொள். மற்றதற்கு ஒரு மாதம் பொறு. எந்த மூலையில் வெயில் விழுகிறது, எங்கே உட்காருகிறாய் என்பதெல்லாம் குடியிருந்தால்தான் தெரியும், பட்டியலில் பாதி தானாக அழிந்துவிடும். இணைய இணைப்பை ரத்து செய்யாமல் முகவரி மாற்றித் தருவார்களா என்று இந்த வாரமே கேள்.

கொட்டேஷன் மூன்றும் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு, நான் ஒரு பார்வை பார்க்கிறேன். தேதி முடிவானதும் சொல். அம்மா முதல் நாளே வந்துவிடுவதாகச் சொல்கிறாள். பாத்திரப் பெட்டிகளை அவள் வந்த பிறகு கட்டினால் போதுமாம், நீ தொடக் கூடாதாம்.

அன்புடன்,
அப்பா