பெயிண்டர் சங்கம்: 2024-25 ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அண்ணனுக்கும் பொருளாளருக்கும் வந்திருக்கற உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவங்களுக்காகத்தான் இத குரூப்புலயும் போடுறேன், கும்பிடு போடுற பொம்மைய அனுப்பிட்டு நகந்துடாம முழுசா படிங்க.

மே தினத்துக்கு கொடி ஏத்தி மிட்டாய் கொடுத்தோம். நலவாரிய அட்டை புதுப்பிக்க முகாம் போட்டோம், ஓடிபி வராம பாதி பேரு திரும்பிப் போனாங்க. சாரம் சரிஞ்சு கால் ஒடிஞ்ச தம்பிக்கு உதவி செஞ்சோம். ஆயுத பூஜை வழக்கம்போல. பொதுக்குழு ரெண்டு தடவ கூட்டுனோம், ரெண்டு தடவையும் கோரம் இல்ல, அதாவது கூட்டம் நடத்த வேண்டிய அளவு ஆளு வரல.

இனி விஷயத்துக்கு வரேன். ஆயுத பூஜையில மிச்சமான காச செயலாளர் குடிகாரனுங்களுக்கு செலவழிச்சிட்டாருன்னு டீக்கடையில பேசிக்கறது என் காதுக்கும் வருது. ஆமா செலவழிச்சேன். சங்கம் இதுவரைக்கும் போட்ட மாலைய கொஞ்சம் நெனச்சுப் பாருங்க, சாரத்துலருந்து விழுந்து போனவங்கள விட ஈரல் கெட்டுப் போனவங்கதான் ஜாஸ்தி. செத்த பிறகு மாலைக்கும் வேனுக்கும் காசு எடுத்தா யாரும் கேள்வி கேக்கறதில்ல, உயிரோட இருக்கறவன ஆஸ்பத்திரிக்கு கூட்டிப்போக ஆட்டோ வாடகை எடுத்தா மட்டும் கணக்கு கேக்கறீங்க.

ஆரம்பிச்சது கார்த்திகையில. நம்ம ஆளு ஒருத்தர், பேரு சொல்ல மாட்டேன், தெரிஞ்சவங்களும் சொல்ல வேணாம், பல வருஷமா தினமும் ரெண்டு குவார்ட்டர் போட்டவரு ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரே நாள்ல நிறுத்திட்டாரு. மறுநாள் கை நடுக்கம், வேர்வை, தூக்கமே இல்ல. மூணாவது நாள் செவுத்துல பூச்சி ஊருதுன்னு வெறுங்கையால தேய்க்க ஆரம்பிச்சிட்டாரு, பொண்டாட்டியவே அடையாளம் தெரியல. சாமி குத்தம்னு திருநீறு போட நாலு பேரு, நான் ஒருத்தன்தான் ஜிஹெச்சுக்கு தூக்குங்கடான்னு கத்துனேன். அங்க டாக்டர் சொன்னது இதுதான்: தினமும் குடிச்சு மூளை அதுக்கே பழகிப்போயிருக்கும், திடீர்னு நிறுத்துனா ரெண்டு நாளைக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டு மூணு நாள்ல இந்த மாதிரி புத்தி தடுமாறலாம், கவனிக்கலேன்னா உயிரே போகும். மொதல்ல பி1 வைட்டமின் ஊசி, அப்புறம்தான் குளுக்கோஸ், நடுக்கத்துக்கு ஒரு மாத்திரைய கூட்டி கொடுத்து நாள் போகப்போக குறைச்சாங்க. குடிய நிறுத்தறதுக்கே ஆஸ்பத்திரியான்னு சிரிச்சவங்க அன்னிக்கு வார்டுல வந்து பாத்திருக்கணும்.

பத்து நாள்ல வீட்டுக்கு வந்துட்டாரு, வேல முடிஞ்சதுன்னு நானும் நெனச்சேன். ஆஸ்பத்திரியில குடிய விட ஆலோசனை சொல்ற கவுன்சிலர் அம்மா, உடம்புலருந்து சரக்கு எறங்கிடுச்சு, சிகிச்சை இனிமேதான்னு சொன்னாங்க. வாரா வாரம் வரச்சொல்லி கேள்வி கேட்டாங்க, எந்த கிழமை குடிக்கற, யாரோட, எந்த வேலைக்கு அப்புறம், எந்த ரோட்டு வழியா வீட்டுக்கு போற. நாம எல்லாரும் சொல்றதத்தான் அவரும் சொன்னாரு, பெயிண்டு நெடிக்கு ஒரு கட்டிங் போட்டாத்தான் நெஞ்சு அடைக்காதுன்னு. அது பொய், மாஸ்க் போடு, ஜன்னல தெறன்னுட்டாங்க. கடைசியில பாத்தா எல்லாம் சனிக்கிழம சாயங்காலம் கையில காசு விழற நேரத்துல வந்து நிக்குது. அதனால காண்ட்ராக்டர்ங்க ரெண்டு பேருகிட்ட பேசி, கேக்கறவங்களுக்கு மட்டும் கூலிய வீட்டுக்காரம்மா ஜிபேக்கு போட ஏற்பாடு பண்ணேன். இதத்தான் செயலாளர் நம்ம சம்பளத்துல கை வெக்கறாருன்னு பரப்பி விட்டிருக்கீங்க. கேட்டவங்களுக்கு மட்டும், திரும்பவும் சொல்றேன், கேட்டவங்களுக்கு மட்டும்.

இன்னொருத்தரு விஷயம் எல்லாரும் தெரிஞ்சுக்கணும். குடிச்சா வாந்தி வர்ற மாத்திரை, டைசல்பிராம், அத கொடுங்கன்னு நாங்களே போயி கேட்டோம். டாக்டர் மொதல்ல என்ன வேலன்னுதான் கேட்டாரு. மரத்துக்கு பிரெஞ்சு பாலிஷ்னு சொன்னதும், அரக்கு கரைக்கறது ஸ்பிரிட்டுலதானே, அந்த ஆவியே இந்த மாத்திரைக்கு ஆகாதுன்னுட்டு, ஈரல் டெஸ்ட் பாத்து வேற மாத்திரை எழுதுனாரு. குழம்புல தெரியாம கலந்து கொடுக்கலாமான்னு கேக்கற வீட்டுக்காரம்மாங்க நம்மள்ல இருக்காங்க, தயவுசெஞ்சு கூடாது, அவரு தெரியாம குடிச்சா பிரஷர் விழுந்து ஆளே போயிடலாம். ஸ்பிரிட்டுன்னதும் இன்னொன்னு. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில கள்ளச்சாராயம் குடிச்சு அறுபது பேருக்கு மேல செத்தாங்களே, அதுல இருந்த விஷம் மெத்தனால். நம்ம சாமான் டப்பாவுலயும் அது இருக்கலாம், கடை மூடிட்டான்னு அத மோந்து பாக்கற வேல வேணாம்.

ஒரு உறுப்பினர அவங்க வீட்டுல ஒரு தனியார் மையத்துல சேத்தாங்க, பேரு போடல. கட்டி வெச்சு அடிச்சிருக்காங்க. 2017 மனநல பராமரிப்பு சட்டப்படி சங்கிலி போடறது குற்றம், மையத்துக்கு பதிவும் இருக்கணும். பணம் கட்டறதுக்கு முன்னாடி அந்த பதிவு சர்டிபிகேட்ட கண்ணால பாருங்க.

செவ்வாய்க்கிழம சர்ச் ஹால்ல ஏஏ கூட்டம், அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்னு குடிய விட நெனக்கறவங்க ஒண்ணா உக்காந்து பேசற கூட்டம் நடக்குது, நம்மாளுங்க மூணு பேரு போறாங்க. 1935ல அமெரிக்காவுல ரெண்டு குடிகாரங்க ஆரம்பிச்சது, ஒருத்தரு டாக்டர். அங்க சேர ஒரே தகுதி குடிய நிறுத்தணும்கற ஆசை, சந்தா கிடையாது. உடனே நம்ம சங்கத்துக்கும் சந்தா வேணாம்னு ஒரு பெரியவர் பாயிண்ட் எடுத்தாரு, அவரு பாக்கி பதினாறு மாசம். போறவங்கள்ல ஒருத்தரு பொங்கல் சீசன்ல திரும்ப ரெண்டு நாள் குடிச்சிட்டாரு, குடிச்சிட்டு அவரே போன் பண்ணி சொல்லி மறுபடி வார்டுக்கு போனாரு. பாத்தியா காசு வேஸ்டுன்னு குரூப்புல போட்டவங்களுக்கு: சக்கர வியாதிக்காரன் லட்டு தின்னுட்டா மாத்திரைய நிறுத்திடுவீங்களா? எய்ம்ஸ் 2019ல வெளியிட்ட சர்வேயில குடிக்கு அடிமையானவங்கள்ல 38 பேருக்கு ஒருத்தருதான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைச்சதா சொல்லியிருக்காங்க. நம்ம சங்கத்துல நாலு பேரு போயிருக்காங்க, இத சாதனைன்னு நான் சொல்லல, நீங்களாவது சொல்லலாம்.

கணக்கு பொருளாளர்கிட்ட இருக்கு. வரவும் செலவும் ஏறக்குறைய சரியா இருக்கு, கொஞ்சம் கைய கடிக்குது, காரணம் பாதிக்கு மேல சந்தா வரல. ரசீது எல்லாம் பைல்ல இருக்கு, பாக்கணும்கறவங்க மொதல்ல அவங்க பாக்கிய கட்டிட்டு பாக்கலாம்.

ஹால் கொடுத்த மண்டபத்துக்காரருக்கும், பெயிண்டு கடை முதலாளிக்கும், வார்டு நர்சுங்களுக்கும், சாயங்காலம் போன எடுத்தாலே மொறைக்காம விட்ட என் வீட்டம்மாவுக்கும் நன்றி.

அடுத்த வருஷம் செயலாளரா நிக்கறதா இல்ல. யாரு வந்தாலும் பைல ஒப்படைச்சிடுவேன். ஆனா வார்டுக்கு கூட வர ஆளு வேணும், அதுவும் ராத்திரியில, அதுக்கு சம்மதிக்கறவரு நின்னா நல்லது, இல்லேன்னா குழு என்ன சொல்லுதோ பாப்போம். கூச்சப்படறவங்க போதை மறுவாழ்வு உதவி எண் 14446க்கோ மனநல உதவி எண் 14416க்கோ போன் பண்ணுங்க, ரெண்டும் இலவசம், பேரு சொல்லணும்னு அவசியம் இல்ல. சந்தா பாக்கி இந்த மாசம் 30க்குள்ள கடைசி, ரசீது புக்கு என் வண்டி டிக்கியிலதான் இருக்கு.