பெயர் சொல்லாமல் போன பட்டறை அண்ணனுக்கு நன்றி

118 கிலோ எடையும் தேய்ந்த முழங்கால்களுமாக, செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் மூன்று சக்கர மிதிவண்டி பழுதாகி நின்ற என்னைக் கண்டு, அதைத் தம் பட்டறை வரை தள்ளி வந்து என் உடலுக்கேற்ப மாற்றியும் தந்த மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர் அண்ணனுக்கு இப்பதிவின் வழி நன்றி கூறுகிறேன்.

என்னை இருக்கையில் அமர்த்தி, மிதியைக் கையால் மெல்லச் சுற்றி, எந்த இடத்தில் வலிக்கிறது என்று கேட்டார். மிதி மேலே வரும்போதுதான் வலி என்றதும், மிதியை அச்சோடு இணைக்கும் தண்டான 170 மில்லிமீட்டர் கிராங்கைக் கழற்றி 140 மில்லிமீட்டர் கிராங்கைப் பொருத்தினார். மிதி சுற்றும் வட்டம் சிறுத்ததால் முழங்கால் முன்போல் மடங்க வேண்டியதில்லை. குட்டைக் கிராங்கை மிதிக்கக் கூடுதல் அழுத்தம் வேண்டும் என்பதால் முன் பல்சக்கரத்தையும் சிறியதாக்கினார். என் எடையைத் தாங்கப் பின்சக்கரங்களில் 2 மில்லிமீட்டர் கம்பிகளுக்குப் பதில் 2.6 மில்லிமீட்டர் கம்பிகளைக் கோத்தார். நழுவும் என் இடது பாதத்துக்குப் பழைய செருப்பு வாரொன்றை மிதியில் தைத்தார் (அது இன்றுவரை அறவில்லை). மூன்று சக்கர வண்டி வளைவில் நம்மோடு சாயாது, வேகமாகத் திருப்பினால் கவிழ்ந்துவிடும் என்றும் எச்சரித்தார்.

கூலியாக ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) மட்டுமே குடித்தார். பெயரைக் கேட்காமல் வந்தது என் தவறு. இப்போது தினமும் காலையில் மாரியம்மன் கோயில் வரை மிதித்துப் போய்த் திரும்புகிறேன், அண்ணே.