ட்ரோபோனின் அறிக்கையில் பெண்களுக்குத் தனி எல்லை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரியில் ஒரு தனியார் லேப்பில் 19 ஆண்டுகளாக ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கும் வேலை செய்கிறேன். என் அக்காவின் ரத்தத்தையும் நான்தான் எடுத்தேன். ‘இயல்பு’ என்று அச்சாகி வந்த அந்த அறிக்கையின் கீழே இருப்பது என் கையெழுத்து. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவுக்கு 54 வயது. கொழுந்து பறிப்பவர். போன கார்த்திகையில் ஒரு நாள், எடை போடும் இடத்துக்குக் கொழுந்துச் சாக்கைத் தூக்கி வந்தவர் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவில்லை. தாடை இழுக்கிறது, முதுகில் கல்லை ஏற்றி வைத்ததுபோல் இருக்கிறது, குமட்டுகிறது என்றார். வாயு என்று சொல்லிச் சுக்குக் கஷாயம் கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் டாக்டரிடம் அழைத்துப் போனோம். ஈ.சி.ஜி.யில் பெரிய மாற்றம் இல்லை. இதயத் தசை அடிபட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்க்கச் சொன்னார். 21 வந்தது. 26 வரை இயல்பு என்றுதான் எங்கள் லேப் கணினியில் பதிந்திருந்தது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாயு மாத்திரையோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

விடியற்காலை 3 மணிக்கு மூச்சு முட்டியது. 108 வண்டியில் ஏற்றி, மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டர் மலைப்பாதையில் பனிமூட்டத்தோடு இறங்கி, கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தபோது ஒரு ரத்தக்குழாய் முழுதும் அடைத்திருந்தது. ஸ்டென்ட் வைத்து உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி போனது போனதுதான். இப்போது மேட்டில் ஏறிப் பறிக்க அவரால் முடியவில்லை.

திரும்ப வேலைக்குப் போன அன்று, பரிசோதனை மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் விளக்கத் தாளை விரித்துப் படித்தேன். எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்து. எத்தனையோ பெட்டிகளில் அந்தத் தாளைப் பிரிக்காமலே குப்பையில் போட்டிருக்கிறேன். அதில் தெளிவாக இருக்கிறது: லிட்டருக்கு நானோகிராம் கணக்கில் பெண்களுக்கு 16, ஆண்களுக்கு 34, இருவரையும் சேர்த்துப் பார்த்தால் 26. நாங்கள் ஏற்றி வைத்திருந்தது அந்தக் கடைசி எண்ணை மட்டும்.

ட்ரோபோனின் இதயத் தசைக்குள் இருக்கும் புரதம். தசை அடிபட்டால் ரத்தத்தில் கசிகிறது. நலமாக இருப்பவர்களில் 100க்கு 99 பேர் எந்த அளவுக்குள் இருக்கிறார்களோ, அதையே எல்லையாக வைக்கிறார்கள். பெண்ணின் இதயம் அளவில் சிறியது, தசையும் குறைவு. நலமாக இருக்கும்போதே அவள் ரத்தத்தில் இது குறைவாகத்தான் இருக்கும். அதே 21 மாமாவுக்கு வந்திருந்தால் எல்லைக்குள். அக்காவுக்கு வந்தது எச்சரிக்கை. கருவிக்குக் கருவி இந்த எண்கள் மாறும்; ஆனால் பெண்ணுக்கான எல்லை பொதுவாக ஆணுடையதைவிடக் குறைவாகவே இருக்கும்.

ஹீமோகுளோபினுக்கு ஆண் 13, பெண் 12 என்று தனித்தனியாகத்தான் அச்சிடுகிறோம். நல்ல கொழுப்பு ஆணுக்கு 40க்குக் கீழ், பெண்ணுக்கு 50க்குக் கீழ் போனால் குறைவு என்கிறோம். உயிர் போகிற விஷயத்துக்கு மட்டும் ஏன் ஒரே எல்லை?

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், மாரடைப்போ என்ற சந்தேகத்தோடு வந்தவர்களுக்குத் தனி எல்லை வைத்துப் பார்த்தபோது மாரடைப்பு என்று கண்டறியப்பட்ட பெண்கள் 11 சதவீதத்திலிருந்து 22 சதவீதம் ஆனார்கள். ஆண்கள் 19இலிருந்து 21 மட்டுமே. 2018இல் வந்த மாரடைப்புக்கான உலகளாவிய வரையறையும் தனி எல்லையைத்தான் பரிந்துரைக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு முறை பார்த்துவிட்டு விடுவதே தவறு. சில மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து, அளவு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். அன்று அக்காவை உட்கார வைத்திருந்தால் பழைய எல்லையிலேயே பிடித்திருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் முதலுதவி மாத்திரைகள் இருக்கின்றன. இதயமாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால்தானே அவை கைக்கு வரும்? தாடை இழுக்கிறது என்று வரும் பெண்ணிடம் அந்தச் சந்தேகமே எழுவதில்லை.

எங்கள் லேப்பில் இப்போது ஆண், பெண் எல்லைகள் இரண்டும் தனித்தனியே அச்சாகின்றன. மாற்றப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, செலவும் இல்லை. போன வாரம் ஒரு அம்மாவுக்கு 18 வந்தது. அவர் கிளம்பும் முன் டாக்டருக்குப் போன் செய்தேன். மூன்று மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தோம், ஏறவில்லை. நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

நீலகிரியில் ட்ரோபோனின் பார்க்கும் எல்லா லேப்களுக்கும் சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்: அவரவர் கருவியின் விளக்கத் தாளில் உள்ள ஆண், பெண் எல்லைகளைத் தனித்தனியே அச்சிடுங்கள் என்று. இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
லேப் டெக்னீஷியன் ஒருவர்,
கோத்தகிரி